மேற்குப் பார்த்த கண்ணாடி: ஒரு தையற்கடை முகப்பை மறுபடி செய்த கதை

கடை கோவையில். பெண்களுக்கான தையல், ஆரி ஒர்க், சேலைக்குக் குச்சு கட்டுதல். முகப்பு 18 அடி, நேர் மேற்குப் பார்த்தது. நடுவில் கண்ணாடிக் கதவு. அதன் இரு பக்கமும் 5 அடி அகலம், 8 அடி உயரத்தில் 12 மி.மீ. டஃபன்டு கிளாஸ், அதாவது சூளையில் சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடி. கதவுக்கு மேலே பழைய கட்டடத்தோடு வந்த 5 மி.மீ. சாதாக் கண்ணாடி. அதற்கும் மேலே ஷட்டர் பெட்டியை மறைத்து ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு, உள்ளே டியூப்லைட்.

ஸ்டிக்கரும் போர்டும் செய்யும் எங்களைக் கூப்பிட்டது புதிதாகச் செய்ய அல்ல. வேறொருவர் செய்து இரண்டு வருடம்கூட ஆகாத வேலையைப் பிரித்து மறுபடி செய்ய. இரண்டு கண்ணாடியிலும் முழுக்க ஒன் வே விஷன் ஒட்டியிருந்தார்கள். ஓரம் எல்லாம் சுருண்டு, சுருண்ட இடத்தில் கறுப்பாகத் தூசி கோடு போட்டிருந்தது. கதவில் ஒட்டிய தமிழ் எழுத்துகளில் பாதிக்குப் புள்ளி இல்லை. போர்டில் ஒரு மூலை எந்நேரமும் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் கடைக்கார அக்கா இவை எதையும் முதலில் சொல்லவில்லை.

"தம்பி, பகல்ல உள்ள யாரு இருக்காங்கன்னே தெரியறதில்லீங்க. பொழுது சாஞ்சு லைட்டப் போட்டா எதுக்க டீக்கடைல நிக்கறவங்களுக்கு எல்லாம் தெரியுது. அளவு குடுக்க வர்ற புள்ளைங்க சங்கடப்படறாங்க."

இதுதான் அசல் கோளாறு. மற்றதெல்லாம் கூலி கொடுத்தால் தீர்ந்துவிடும்.

ஒன் வே விஷன் என்பது ஓட்டை போட்ட வினைல், அவ்வளவுதான். வெளிப்பக்கம் வெள்ளை, அதில்தான் பிரிண்ட். உள்பக்கம் கறுப்பு. வெயில் வெளியே இருக்கும்வரை வெள்ளைப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், பார்க்கிறவருடைய கண் படத்திலேயே நின்றுவிடும். உள்ளேயிருந்து பார்ப்பவருக்குக் கறுப்பு கண்ணில் படாது, ஓட்டை வழியாகத் தெரு தெரியும். எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ அந்தப் பக்கம் மறுபக்கத்துக்குத் தெரியும் என்பதே இதன் கணக்கு. மாலை ஆறரைக்கு மேல் கடைக்குள் விளக்கு எரிய, தெரு மங்க, கணக்கு அப்படியே புரண்டுவிடும். பெயரில் 'ஒன் வே' இருப்பதால் எந்நேரமும் ஒரு வழிதான் என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏராளம். விற்கிறவர் இதைச் சொல்லாமல் விற்பது சரியில்லை என்பது என் எண்ணம். பைக் ஷோரூமுக்கோ பேங்குக்கோ இது குறையே இல்லை. பெண்கள் நின்று அளவு கொடுக்கும் கடைக்கு இது எடுக்கவே கூடாத பொருள்.

அதனால் அளவெடுக்கும் இடம் இருக்கும் இடப்பக்கக் கண்ணாடிக்கு, பனி படிந்த மாதிரி மங்கலாகத் தெரியும் ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர், தரைப் பக்கத்திலிருந்து ஆறரை அடி உயரம் வரை. வலப்பக்கக் கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் விட்டு, பொம்மைகளுக்கு பிளவுஸ் போட்டு நிறுத்துவது. அக்கா முதலில் தயங்கினார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்றார். ராத்திரியில் வெளிச்சத்தில் நிற்கும் ஆரி பிளவுஸைவிட நல்ல விளம்பரம் எந்த பிரிண்டிலும் வராது என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

ஃப்ராஸ்டட் ஒட்டிவிட்டால் பிரச்சினை முடிந்தது என்றும் நினைக்கக் கூடாது. அது உருவத்தைக் கலங்கலாக்கும், வெளிச்சத்தைத் தடுக்காது. கண்ணாடியை ஒட்டி ஒருவர் நின்று, அவருக்குப் பின்னால் விளக்கு எரிந்தால் தோல்பாவைக் கூத்து மாதிரி நிழல் அப்படியே விழும். ஒட்டுவதற்கு முன்பே ஒரு சாம்பிள் துண்டை டேப் போட்டுக் கண்ணாடியில் நிறுத்தி, இருட்டிய பிறகு விளக்கைப் போட்டு, உதவிக்கு வந்த தம்பியை உள்ளே நிற்க வைத்துத் தெருவிலிருந்து பார்த்தோம். கண்ணாடியை ஒட்டி நின்றபோது தோள், கை எல்லாம் கோடு பிடித்தது. மூன்றடி பின்னால் போனதும் வெறும் மங்கல். கூரையில் பின்பக்கம் இருந்த டியூப்லைட்டைக் கண்ணாடிக்கும் ஆள் நிற்கும் இடத்துக்கும் நடுவே மாற்றச் சொன்னோம். அப்புறம் அந்த மங்கலும் இல்லை. எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. எந்த விலை ஸ்டிக்கரும் இதைச் செய்துதராது.

பழையதை உரித்தது மாலை வெயிலில். இதை வேண்டுமென்றே அப்படி வைத்துக்கொண்டோம். மேற்குக் கண்ணாடியில் மூன்று மணிக்கு மேல் கையை வைத்தால் தாங்காது, அந்தச் சூடே பசையை இளக்கிவிடும். ஹீட் கன் மூலைகளுக்கு மட்டும் தேவைப்பட்டது. நேராக முன்னால் பிடித்து இழுத்தால் ஓட்டை வினைல் துண்டுதுண்டாகக் கிழியும். கண்ணாடியோடு படுத்தவாக்கில், மெதுவாக இழுத்தால் பெரிய பாளமாக வரும். வந்த பிறகு கண்ணாடியில் வினைல் இருந்த இடத்தில் பசை, ஓட்டை இருந்த இடத்தில் தூசி என்று சல்லடை மாதிரி ஒரு படலம் நின்றது. அதை சோப்புத் தண்ணீர் தெளித்து, புது பிளேடு போட்ட ஸ்க்ரேப்பரால் ஒரே திசையில் வழித்தோம். டஃபன்டு கிளாஸில் உலர்ந்தபடி பிளேடு ஓட்டவே கூடாது. சூளையில் உருளைகள் மேல் போய் வந்த பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒட்டியிருக்கும். பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்தால் கண்ணாடி முழுக்கக் கீறல். முதலில் ஒரு மூலையில் வழித்துப் பார்த்து, சத்தம் கரகரவென்று வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

உரிக்கும்போதே பழைய வேலை ஏன் கெட்டது என்பதும் வெளியே வந்தது. கண்ணாடி ஓரத்தில் இருக்கும் சிலிகான் மேலேயே ஏற்றி ஒட்டியிருந்தார்கள். சிலிகானில் எந்த ஸ்டிக்கரும் பிடிக்காது. பிடிக்காத ஓரம் முதலில் தூக்கும், தூக்கிய இடத்தில் காற்றும் மண்ணும் நுழையும். பிரிண்டைக் காக்க மேலே ஒட்டும் தெளிவான படலம், லேமினேஷன், அதுவும் இல்லை. லேமினேஷன் இல்லாத ஒன் வே விஷனில் மழைத் தண்ணீர் ஓட்டையில் தேங்கி, காய்ந்து, அழுக்கு தங்கிவிடும். உள்ளேயிருந்து பார்த்தால் கண்ணாடியே மங்கிப்போன மாதிரி இருக்கும். வினைலும் சுருங்கியிருந்தது. இரண்டு பட்டைகள் சேரும் இடத்தில் ஒரு நூல் அளவுக்கு இடைவெளி.

சுருங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. கடைவீதியில் கிடைக்கும் வினைல் எல்லாம் பார்க்க ஒன்றுதான். விலை மலிவான காலண்டர்டு வகை, பிளாஸ்டிக்கை உருளைகளுக்கு இடையே நசுக்கி இழுத்துச் செய்வது. இழுபட்ட பொருள் வெயில் பட்டால் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். காஸ்ட் வினைல் திரவமாக ஊற்றிக் காயவைத்தது. அதில் அந்த இழுவிசை இல்லை, சுமார் 50 மைக்ரான்தான் கனம், வளைவுகளிலும் படியும். நடுவே பாலிமெரிக் என்று ஒரு தரம் உண்டு. இந்தக் கடைக்குக் கதவு எழுத்துகளுக்கு பாலிமெரிக் போதும் என்று முடிவெடுத்தோம். தட்டையான கண்ணாடிக்குக் காஸ்ட் போட்டு பில்லை ஏற்றுவதில் நியாயம் இல்லை. ஷட்டர் தகடாக இருந்தால் வேறு பேச்சு.

ஒட்டியது காலை ஆறரைக்கு. ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று கோவைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்து, பதினொரு மணிக்கு மேல் மேற்கு முகப்பில் ஐந்தடி வினைலைப் பேப்பர் உரித்துப் பிடித்தால் அது ஒட்டுபவர் முகத்தில் ஒட்டும், கூடவே தெரு மண்ணும் பசையில் வந்து உட்காரும். காலையில் காற்று அடங்கியிருக்கும். கண்ணாடி மதியம் வரை நிழலில் இருக்கும். சூடான கண்ணாடியில் பசை தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது, வினைலும் இளகி நீளும். நீண்டபடி ஒட்டியதுதான் பின்னால் சுருங்கி ஓரத்தை விடும். பழைய வேலையை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆரம்பித்தார்கள் என்று அக்கா சொன்னபோதே எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

ஃப்ராஸ்டட் மட்டும் தண்ணீர் தெளித்து ஒட்டினோம். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சில துளி ஷாம்பு. பாக்கெட்டைப் பார்த்து வாங்க வேண்டும். கண்டிஷனர் கலந்த ஷாம்பு கண்ணாடியில் வழுவழுப்பை விட்டுப் போகும், ஓரங்கள் பிடிக்காது. சோப்பு அதிகமானாலும் அதே கதி. மேல் ஓரத்தை மட்டத்துக்கு நிறுத்தி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஸ்க்வீஜி என்னும் வழிப்புத் தகட்டைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே கீழே வருவது. சிலிகானுக்கும் ஸ்டிக்கருக்கும் நடுவே 4 மி.மீ. இடைவெளி விட்டு, ஸ்டீல் ஸ்கேல் வைத்து வெட்டினோம். தூரத்திலிருந்து அந்த இடைவெளி தெரியாது. அது இருப்பதால்தான் ஓரம் உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கடையில் மறுபடியும் ஒன் வே விஷன் வந்திருந்தால் தண்ணீர் பாட்டிலைத் தொட்டிருக்கவே மாட்டோம். ஓட்டைகளில் தண்ணீர் புகுந்து பசையைக் கெடுத்துவிடும். அது உலர்ந்தபடிதான் ஒட்ட வேண்டும்.

இனி எழுத்து. ஆங்கில ஸ்டிக்கர் கட்டிங் பழகிய கை, தமிழில் தடுமாறுவது புள்ளியில்தான். 'ஃபால்ஸ்' என்று ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்தத்துக்கு மூன்று, ல்-க்கு ஒன்று, ஸ்-க்கு ஒன்று, ஆக ஐந்து புள்ளி. ஒவ்வொன்றும் தனித் துண்டு, எதோடும் ஒட்டியிருக்காது. மெஷின் வெட்டிய பிறகு வேண்டாத வினைலை உரித்தெடுக்கும்போது புள்ளியும் அதோடு போய்விடும். கவனிக்காவிட்டால் குப்பைக் கூடையில்தான் இருக்கும். தப்பிப் பிழைத்தது, எழுத்துகளை மொத்தமாக எடுத்துக் கண்ணாடிக்கு மாற்றும் ட்ரான்ஸ்ஃபர் டேப்பில் ஏறும். கண்ணாடியில் ஒட்டி டேப்பை எடுக்கும்போது, பசைப் பரப்பு குறைவு என்பதால் மறுபடி டேப்போடு கிளம்பும். ஒட்டிய பிறகும் சும்மா இராது. தினமும் காலையில் கதவைத் துடைக்கிறவர் துணியில் முதலில் சிக்குவது அதுதான்.

பழைய கதவில் புள்ளிகள் பென்சில் முனை அளவுக்கு இருந்தன. நாங்கள் எழுத்துக் கோட்டின் அகலத்தைவிடப் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கினோம். கண்ணுக்கு உறுத்தாது, துடைக்கும் துணிக்கும் அசராது. கோணமூலை வைத்த சதுரப் புள்ளியைத் தவிர்த்து வட்டமாக்கினோம், மூலை இருந்தால் அது தூக்கும். டேப்பை எடுக்கும்போது மேலாக இழுக்காமல் வந்த வழியே மடக்கிப் படுக்கவைத்து இழுத்து, புள்ளி வரும் இடங்களில் நகத்தால் ஒரு அழுத்து.

கோப்பிலும் ஒரு வேலை இருந்தது. பழைய டிசைனை பென் டிரைவில் தந்தார்கள். கோரல்டிரா என்னும் டிசைன் மென்பொருளில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பை. பழைய முறை எழுத்துரு அது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் இப்படித்தான் தெரியும். எந்த ஊரில் எந்தக் கடைக்கு டிசைன் செய்தாலும், கடைசிப் பிரதியை கர்வுக்கு, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவத்துக்கு, மாற்றிக் கொடுத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. மாற்றிய பிறகு, கொம்பும் காலும் எழுத்தின் மேல் ஏறி நிற்கும் இடங்களை வெல்டு செய்து ஒரே வடிவமாக்க வேண்டும். பிரிண்டுக்கு அது தேவையில்லை. கட்டிங் மெஷினோ ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடு இரண்டையும் வெட்டிவிடும், எழுத்து நடுவில் கீறல் விழுந்த மாதிரி இருக்கும்.

கதவில் எழுத்துகளுக்குக் கீழே, கண் மட்டத்தில் ஒரு ஃப்ராஸ்டட் பட்டையும் ஒட்டினோம். யாரும் கேட்கவில்லை. சுத்தமான கண்ணாடிக் கதவில் குழந்தைகளும் வயதானவர்களும் மோதுவது நடக்கிற விஷயம். மேலே இருந்த 5 மி.மீ. சாதாக் கண்ணாடிக்கு அக்கா அரக்கு நிறத்தில் உள்பக்கமாக ஒட்டச் சொன்னார். அதை மட்டும் செய்யவில்லை. அடர்நிறம் வெயிலை உறிஞ்சும், கண்ணாடியின் நடுப்பகுதி சூடாகும், சட்டத்துக்குள் இருக்கும் ஓரம் குளிர்ந்தே இருக்கும். டஃபன்டு அந்த வித்தியாசத்தைத் தாங்கும். சாதாக் கண்ணாடி ஒருநாள் ஓரத்திலிருந்து விரிசல் விடும். கதவுக்கு நேர் மேலே இருக்கும் கண்ணாடியில் இந்தச் சோதனை வேண்டாம் என்றோம். வெளிர்நிறமாவது ஒட்டுங்கள் என்றார். கண்ணாடியை மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

போர்டு தனிக் கதை. 16 அடிக்கு 3 அடி. பழைய ஃப்ளெக்ஸ் சட்டத்தைச் சுவரில் மரக்கட்டை அடித்து ஸ்க்ரூவில் நிறுத்தியிருந்தார்கள், அதுவும் பூச்சில். அதைக் கழற்ற ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை. போர்டு என்றதும் எல்லோரும் எடையைத்தான் யோசிக்கிறார்கள். புது ஏசிபி ஷீட், அதாவது இரு பக்கமும் அலுமினியத் தகடு, நடுவே பிளாஸ்டிக் உள்ள பலகை, அதன் எடை இரும்புச் சட்டத்தோடு சேர்த்தும் இரண்டு பேர் தூக்குவதுதான். கணக்குப் போட வேண்டியது காற்றுக்கு. கட்டடங்களின் மேல் காற்று விசைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி கோவைக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்குச் சுமார் 912 நியூட்டன். இந்த போர்டு நாலரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக மொத்தம் 400 கிலோவுக்கு மேல் தள்ளுவதும் இழுப்பதுமான விசை. தோராயக் கணக்குதான். ஆனால் மரக்கட்டையில் நிறுத்தக்கூடாது என்று முடிவெடுக்க இது போதும். கதவுக்கு மேல் ஓடும் லின்டல் கான்கிரீட் எங்கே போகிறது என்று தட்டிப் பார்த்து, அதில் மட்டும் ஆங்கர் போல்ட் இறக்கினோம்.

16 அடி நீளத்துக்கு, 8 அடி நீள ஷீட் இரண்டு. நடுவே சிலிகானுக்கு இடைவெளி விட்டோம். அலுமினியம் 40 டிகிரி சூடு ஏறினால் ஒரு ஷீட் இரண்டு மி.மீ.க்கு மேல் நீளும். இடம் இல்லாவிட்டால் நடுவில் உப்பும். ஷீட் மேலிருக்கும் பாதுகாப்புப் பேப்பரை அன்றைக்கே உரித்துவிட வேண்டும். 'அழுக்காகாம இருக்கட்டும்' என்று விட்டுவைத்த கடைகளில் அது வெயிலில் வெந்து, பிறகு நகத்தால் சுரண்டினாலும் வருவதில்லை.

பழைய போர்டில் கடைப்பெயர் ஆங்கிலத்தில் பெரிதாகவும் தமிழில் ஓரமாகவும் இருந்தது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் விதிகளின் 15-ஆம் விதிப்படி பெயர்ப்பலகையில் தமிழே முதன்மை. தமிழ், ஆங்கிலம், பிற மொழி என 5:3:2 அளவு. அதைச் சொன்னதும் அக்கா மறுக்கவில்லை. சிக்கல் வந்தது எல்இடி எழுத்தில். தமிழ் எழுத்தைப் பெட்டி எழுத்தாகச் செய்யும்போது புள்ளியும் ஒரு தனிப் பெட்டி. அதற்கும் உள்ளே ஒரு மாட்யூல் (எல்இடி பதித்த சிறு துண்டு), பின்னால் ஒயருக்கு ஒரு துளை. மூன்று எல்இடி வரிசையாக உள்ள வழக்கமான மாட்யூல் சிறு புள்ளிக்குள் படுக்காது. அதனால் புள்ளிகளுக்கு ஒற்றை எல்இடி மாட்யூல் வாங்கிப் போட்டோம். போடாமல் விட்டால் ராத்திரியில் மெய்யெழுத்து எல்லாம் உயிர்மெய்யாகிவிடும்!

மாட்யூல்கள் மொத்தம் 180 வாட் அருகே வந்தன. அவற்றுக்கு மின்சாரம் மாற்றித் தர 12 வோல்ட், 250 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்று. எண்பது சதவீதத்துக்கு மேல் அதை ஏற்றக்கூடாது, 200 வாட் என்பதே அதன் எல்லை. எல்லா எழுத்தையும் ஒரே ஒயரில் கோத்தால் கடைசி எழுத்து மங்கும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுத்தோம். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை. சட்டத்துக்கு எர்த். எஸ்எம்பிஎஸ் ஷட்டர் பெட்டிக்குள், மழையும் வெயிலும் படாத இடத்தில்.

கடைக்கு முன்னால் ஈபி லைன் தாழ்வாகப் போகிறது. போர்டு சட்டத்துக்கான இரும்பு டியூபை நிமிர்த்தினால் தொடும் உயரம். அலுமினிய ஏணியை வண்டியிலேயே விட்டுவிட்டு, சவுக்குச் சாரம் கட்டி, டியூபைப் படுக்கவைத்தே மேலேற்றினோம். நேரம் கூடுதலாக ஆனது. ஆகட்டும்.

ஐப்பசி மழை முடிந்த பிறகு போய்ப் பார்த்தோம். எழுத்துகளில் புள்ளி எல்லாம் இருந்தது. போர்டில் ஆட்டம் இல்லை. ஃப்ராஸ்டட்டின் கீழ் ஓரத்தில் மட்டும் கையகல நீளத்துக்கு லேசாகத் தூக்கியிருந்தது. தினமும் தரை துடைக்கும் ஈர மாப் கண்ணாடி அடியில் இடித்துப் போகிறது, அந்த உயரத்துக்குச் சரியாக. அந்தப் பக்கம் முழுக்க ஓரத்தை ஓரங்குலம் உயர்த்தி வெட்டிவிட்டோம். தீபாவளிக்கு ஒட்டிய 'தையல் கூலியில் தள்ளுபடி' ஸ்டிக்கர் இன்னும் வலப்பக்கக் கண்ணாடியில் இருந்தது. ரிமூவபிள் வகைதான், ஆனால் அதற்கும் காலக்கெடு உண்டு, வெயிலில் விட்டால் நிரந்தர வகை மாதிரி ஆகிவிடும். "பொங்கலுக்கும் அதே ஆஃபர்தானுங்க தம்பி, இருக்கட்டும்" என்றார் அக்கா. பொங்கல் முடிந்ததும் கட்டாயம் எடுத்துவிடச் சொல்லி, மேல் மூலையை மட்டும் கொஞ்சம் தூக்கி வைத்துவிட்டு வந்தோம்.